மாடி வீட்டுக் களிம்பு

ஜனவரி 12, ஞாயிறு

சோப்பு இன்று சொன்னபடி கேட்டது. கரண்டியால் மேலே ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு அழியாமல் நிற்க வேண்டும். நின்றது. அச்சில் ஊற்றிப் பழைய போர்வையைச் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். இனி நாளைக்குத்தான் வெட்ட வேண்டும். வெட்டிய பிறகும் வாரக்கணக்கில் காய வேண்டும். குழந்தைத் தோலில் படுவது, அவசரம் ஆகாது.

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போடும்போது யாரும் சமையலறைக்குள் வரக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். இவர் காபி டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றார். "உள்ள வரலாமா, இல்ல இன்னும் யுத்தம் நடக்குதா?" என்றார். மனிதருக்கு எல்லாம் வேடிக்கை.

மாடியில் கொழுந்தன் குடும்பம். அவன் மனைவியை நான் சின்னவள் என்றுதான் கூப்பிடுகிறேன். முறைக்கு ஓரகத்தி, ஆனால் கூடப்பிறந்தவள் மாதிரி என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் பிள்ளை உருண்டைக்கு நான்கு மாதம். பெயருக்கேற்ற உடம்பு. ஆனால் கன்னம் இரண்டும் சிவந்து செதில் செதிலாக இருக்கிறது, முழங்கை மடிப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது. டாக்டர் அதற்கு எக்ஸிமா என்று பெயர் வைத்து ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்தாராம். தினமும் தடவு, அதிகமாகத் தடவாதே, அடிக்கடி வந்து காட்டு. இது வைத்தியமா, வாடகை வீட்டு நிபந்தனையா?

இன்று முதல் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். குளிக்க ஓட்ஸ் பொடி, பிறகு என் எண்ணெய், படுக்கும்போது தேன்மெழுகுக் களிம்பு.

ஜனவரி 15

ஓட்ஸை இரண்டாவது முறையும் சலித்தேன். விரலில் தேய்த்தால் தூள் இருப்பதே தெரியவில்லை.

ஜனவரி 19

சின்னவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். எதையோ சொல்ல வந்து மென்று விழுங்கினாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா. களிம்பு போட்ட உடனே கொஞ்சம் சிவக்குது."

"சிவந்தா நல்லதுதான். ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம்."

"அரிக்குது போலக்கா. கன்னத்தைத் தலகாணியில தேய்ச்சுகிட்டே இருக்கான்."

"பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். என் பொண்ணுக்கும் இருந்துச்சு."

என் பெண்ணுக்கு அப்படி இருந்ததா? நினைவில்லை. இருந்திருக்கும். சின்னவள் "சரிக்கா" என்று போய்விட்டாள். எது சொன்னாலும் சரிக்கா. தங்கமான பெண், வாய்த்தது என் அதிர்ஷ்டம்.

ஜனவரி 22

இன்னொரு தடவை டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டாள். "உன் பிள்ளை, உன் இஷ்டம்" என்றேன். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சிறிது நேரம் நின்றுவிட்டு மேலே போனாள்.

ஜனவரி 25

மூன்று நாளும் நானாகப் பேசவில்லை. பேசினால் ஏதாவது வந்துவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்று அவளே வந்து, "அக்கா, களிம்பு தீர்ந்துடுச்சு, இன்னொரு டப்பா குடுங்க" என்றாள். கொடுத்தேன். புரிந்துகொண்டாள். நல்லது சொன்னால் ஏறுவதற்கு நேரம் ஆகும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 6

கன்னம் தெளிந்துவிட்டது!

மாடியில் துணி காயப்போடப் போனவள் தொட்டிலை எட்டிப் பார்த்தேன். பட்டு மாதிரி இருந்தது. மடிப்பில் கூட ஒன்றும் இல்லை. தலைகால் புரியவில்லை எனக்கு. பழைய போட்டோவையும் இன்றைய போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். 'என் கைக் களிம்பு, வேறு எதுவும் இல்லை' என்று கீழே எழுதினேன். எத்தனை பேர் விசாரிக்கிறார்கள்!

சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. தூக்கம் போதவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 9

ஒரு விஷயம் கவனித்தேன். மாடியில் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்து பார்த்தால், களிம்பு நன்றாக வெளுத்திருக்கிறது. நான் கொடுக்கும்போது இளமஞ்சள். தொட்டால் வழவழவென்று இறங்குகிறது, லாவெண்டர் வாசனையும் போய்விட்டது. யோசித்துப் பார்த்தேன். மாடி அறையில் வெயில் வராது. மெதுவாகக் குளிர்ந்து குளிர்ந்து பக்குவம் ஏறியிருக்க வேண்டும். அடுத்த முறை காய்ச்சியதும் ஈரத்துணி சுற்றி ஆற விடப் போகிறேன்.

சின்னவள் டப்பாவைக் கையிலிருந்து வாங்கி மூடினாள். "காத்து படக்கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க" என்றாள். என் பாடம் எனக்கே.

பிப்ரவரி 16

அடுத்த தெரு தையல்காரி வந்தாள். மகளின் பள்ளிச் சட்டைகளை அந்தக் காலத்திலிருந்தே தைத்துக் கொடுப்பவள். அவளுக்குத் திருமணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த பெண் குழந்தை, இப்போது ஏழு மாதம். உருண்டைக்கு இருந்தது போலவே அதற்கும், ஆனால் இன்னும் மோசம். கழுத்து மடிப்பு, முழங்கால் பின்புறம் எல்லாம் சொறிந்து புண். போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

உருண்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையல்காரியின் கண், ஒரு நூல் பிரிந்திருந்தாலும் விடாது. ஒன்றும் இல்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

"டாக்டர் ஒரு களிம்பு குடுத்திருக்கார். அதையும் போடணுமா, நிறுத்திடவா?"

"நிறுத்திடுங்க. அதெல்லாம் தோலை மெலிய வச்சுடும். ரெண்டும் போட்டா எதுவும் கேக்காது."

"இவனுக்கும் நிறுத்திட்டீங்களா?"

"அதைத் தொடவே விடலையே நான்," என்றேன். சின்னவளைப் பார்த்து, "சொல்லேன்டி" என்றேன்.

அவள் பிள்ளையின் காலுறையைச் சரி செய்துகொண்டிருந்தாள். "ஆமாக்கா" என்றாள்.

களிம்பும் சோப்பும் பொடியும் கொடுத்தேன், காசு வேண்டாம் என்றேன். வாசல் வரைக்கும் நன்றி சொல்லிக்கொண்டே போனாள். நெஞ்சு நிறைந்த நாள்.

பிப்ரவரி 17

சின்னவள் கீழே வரவில்லை. தலைவலியாம்.

பிப்ரவரி 20

ஈரத்துணி சுற்றி ஆற வைத்த களிம்பு வெளுக்கவில்லை. அதே மஞ்சள். மெழுகு கூடிவிட்டதா? இன்னும் கை வரவில்லை.

பிப்ரவரி 25

எழுத முடியுமா என்று பார்க்கிறேன்.

காலையில் தையல் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்தான் சொன்னார், குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. காய்ச்சல், புண்ணெல்லாம் நீர் வடிகிறதாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தாலும் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? சோப்பைச் சரியாகக் கழுவாமல் விட்டிருப்பாள், களிம்பை அழுக்குக் கையால் தொட்டிருப்பாள். வீடு வருகிற வரைக்கும் அவள் மேல் குற்றம் தேடிக்கொண்டே வந்தேன்.

சின்னவளிடம் சொன்னேன். அவள் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மேலே போய் அந்த டப்பாவையும், துணிக்கடியில் வைத்திருந்த ஒரு ட்யூபையும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"இதுல இருக்கறது உங்களோடது இல்லக்கா. டாக்டர் குடுத்த க்ரீம். பிதுக்கி உங்க டப்பால நிரப்பி வச்சேன்."

எனக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னாள். நான் பேசாமல் இருந்த அந்த மூன்று நாளில்தான் டாக்டரிடம் போயிருக்கிறாள். என் பொடியும் போடவில்லை, எண்ணெயும் போடவில்லை.

"அப்ப என் களிம்பை என்ன பண்ணின?"

"கொட்ட மனசு வரலக்கா. என் கால் வெடிப்புக்குப் போட்டுக்கிறேன். அதுக்கு நல்லா கேக்குது."

பிப்ரவரி 26

இவளுக்கு என்ன தைரியம்! என் டப்பாவிலேயே போட்டு, என் கண் முன்னாலேயே தடவி — அன்னைக்கு தையல்காரி கேட்டப்ப வாயில என்ன இருந்துச்சு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பச்சைப் புள்ளைக்கு இந்தக் கதி வந்திருக்குமா? நான்தான் தெரியாம சொன்னேன், இவ தெரிஞ்சுக்கிட்டே "ஆமாக்கா"ன்னாளே —

சாயங்காலம். மேலே எழுதியதைப் படித்தேன். கோடு போட்டு அடிக்க மனமில்லை, இருக்கட்டும். "சொல்லேன்டி" என்று கேட்டது யார்? அந்த நேரத்தில் அவள் என்ன சொல்லியிருக்க முடியும்? 'இல்லைக்கா, நீங்க பொய் சொல்றீங்க' என்றா?

பிப்ரவரி 27

ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தைகள் வார்டு. குழந்தையின் இரண்டு கையிலும் துணி உறை மாட்டியிருந்தார்கள், சொறியாமல் இருக்க. கழுத்தில் கட்டு. காய்ச்சல் இறங்கிவிட்டது, பயம் இல்லை என்றார் நர்ஸ்.

தையல்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். அந்தக் குழந்தையைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. பிறகு சொன்னேன். போட்டோவில் இருந்தது என் களிம்பால் ஆனது இல்லை, டாக்டர் க்ரீம், எனக்கே முந்தாநாள்தான் தெரியும் என்று.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"தெரியாதுன்னா, தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே. அன்னைக்கு நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"டாக்டரை விட உங்களை நம்பினேன். டாக்டர் அஞ்சு நிமிஷம்கூட பேசலை. நீங்க உக்கார வச்சுப் பேசினீங்க."

அப்போது வார்டுக்கு டாக்டர் வந்தார், சின்ன வயசுப் பெண். நானாகப் போய்க் கேட்டேன், என் களிம்பில் என்ன தப்பு, எல்லாம் இயற்கைதானே என்று. "லாவெண்டர் மாதிரி வாசனை எண்ணெய் இந்தத் தோலுக்கு ஆகாதும்மா, இயற்கையா இருந்தாலும். ஆனா அதைவிடப் பெரிய தப்பு மருந்தை நிறுத்தினது" என்றார். நிறுத்தச் சொன்னது நான்தான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கிளம்பும்போது தையல்காரியின் புருஷன் வந்தார். என்னைத் தெரியாதவர் போல ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

மார்ச் 1

கொழுந்தனுக்கு இன்றுதான் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, இவரிடம்தான் பேசினான். "என் பொண்டாட்டி என் வீட்டுல, என் புள்ளைக்கு, ஒளிச்சு வச்சு மருந்து போட்டிருக்கா. என்கிட்டகூட சொல்லலை. சொன்னா நான் அண்ணிகிட்டப் போய்க் கேப்பேன்னு பயம். இது என்னண்ணா?"

நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 2

சின்னவளிடமே கேட்டுவிட்டேன். மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தேன்.

"நான் என்ன பண்ணிடுவேன்னு பயந்த? அடிச்சிருப்பேனா, திட்டியிருப்பேனா?"

"திட்டினாகூடப் பரவால்லக்கா." துண்டை என் கையிலிருந்து வாங்கி மறுபடி மடித்தாள். "பேசாம இருப்பீங்களே. அதான் தாங்காது."

கல்யாணம் ஆகி வந்த புதிதில் நடந்ததைச் சொன்னாள். என் எண்ணெய் வாசனை தலைவலிக்கிறது என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள். நான் ஒரு மாதம் போல அவளோடு பேசவில்லையாம். சாப்பாடு போட்டேனாம், கேட்டதற்கு 'ம்' கொட்டினேனாம், அவ்வளவுதான். அதற்காகத்தானா என்று அவளுக்குக் கடைசி வரை தெரியாதாம். எனக்கு அப்படி ஒன்று நடந்த நினைவே இல்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. ஒருத்திக்கு ஒரு மாதம் நரகம், எனக்கு நினைவுகூட இல்லை.

மார்ச் 3

ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, "நீயாவது உண்மையைச் சொல்லு, நான் அனுப்பின சோப்பு எப்படி?" என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு.

"கோவிச்சுக்க மாட்டியே? வந்த அன்னைக்கே ரூம்மேட்டுக்குக் குடுத்துட்டேன்மா. அவ துணி துவைக்கிறா. கறை நல்லா போகுதாம்."

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுகை வந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் பேப்பரில் சுற்றி, நூல் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவளும் 'சூப்பர்மா' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 5

இவரிடம் நான் கேட்கவே இல்லை. அவராகத்தான் ஆரம்பித்தார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"உன் சோப்பு நல்ல சோப்புதான். நான் அதைத்தான் போடறேன். ஆனா ஒண்ணு. நல்லா இல்லைன்னாலும் அதைத்தான் போட்டிருப்பேன்."

"ஏன்?"

"வீட்டுல சத்தமில்லாம இருக்கறது வேற, நிம்மதியா இருக்கறது வேற. எனக்கு ரெண்டாவது கிடைக்காதுன்னு முதலாவதை வச்சு ஓட்டினேன்."

இத்தனை வருஷத்தில் இவர் என்னிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. பேசிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

இவர்களெல்லாம் எனக்கு அடங்கியவர்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. என்னை மதிக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9

என்னிடம் களிம்பு வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் வந்தேன். வாசனை போட்டது வேண்டாம், புண் இருந்தால் டாக்டரிடம் போங்கள், அந்தப் போட்டோ பொய் என்று சொன்னேன். ஒருவர் உள்ளே கூப்பிடாமல், கதவைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டார். ஒரு அம்மா, "எங்க பிள்ளைக்கு நல்லா ஒத்துக்குதே, ஏன் நிறுத்தறீங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். ஒத்துக்கொள்கிறதா, இல்லை அந்த வீட்டிலும் துணிக்கடியில் ஒரு ட்யூப் இருக்கிறதா? கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

மார்ச் 11

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. தையல் கடை திறந்திருக்கிறது. நான் எதிர்ப்பக்கமாகப் போனேன். அவள் தலை நிமிரவில்லை, மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்?

மார்ச் 16, ஞாயிறு

கொழுந்தன் வீடு பார்த்துவிட்டான். பெரிய ரோட்டைத் தாண்டி, இரண்டாவது மாடி. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. "ஆபீஸுக்குப் பக்கம் அண்ணி" என்றான். பக்கம் இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

தொட்டிலைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். சின்னவள் படியிறங்கும்போது என் கையைப் பிடித்தாள். அவளுக்கு அழுகை. "இரு, போகாதே" என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் சொன்னால் அவள் "சரிக்கா" என்று நின்றுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. "பாத்துப் போ" என்றேன்.

மார்ச் 23

மாடியைக் கூட்டினேன். கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 2

இன்று சோப்பு காய்ச்சினேன், துணிக்கும் பாத்திரத்துக்கும். வாசனை போடவில்லை. மகளின் ரூம்மேட்டுக்கு ஒரு கட்டு அனுப்ப வேண்டும்.

இவர் உள்ளே வந்து, "புகை கண்ணைக் கரிக்குது, ஜன்னலைத் திறக்கட்டா?" என்றார். எரிச்சல் வந்தது. வந்ததை அப்படியே எழுதுகிறேன், மறைப்பதில் என்ன இருக்கிறது. அதுவரைக்கும் ஏதோ பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டேன். பேச்சு நின்றது என் காதுக்கே கேட்டது. இப்படித்தான் நிறுத்துவேன் என்று இதுவரை எனக்கே தெரியாது. இவர் ஜன்னல் பக்கம் கையை நீட்டியபடியே நின்றார்.

"திறங்க," என்றேன். பிறகு, "எனக்கும்தான் கரிக்குது" என்றேன். சின்ன வார்த்தைதான், வருவதற்குள் வியர்த்துவிட்டது.

ஏப்ரல் 12, சனி

முதல் முறையாகச் சின்னவள் வீட்டுக்குப் போனேன். கையில் பழம் மட்டும் கொண்டுபோனேன்.

சின்ன வீடு, நல்ல வெளிச்சம். குளியலறை மேடையில் டாக்டர் சொன்ன சோப்பும் ஷாம்பூவும் வெளியிலேயே வரிசையாக இருந்தன. அவள் டீ போட்டாள். உருண்டை இப்போது கவிழ்ந்து நகர்கிறான். என்னைப் பார்த்ததும் கெக்கெக்கென்று சிரித்தான், மறக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அவனோடு ஆடினேன். நேரம் போனதே தெரியவில்லை. தலையில் ஏதோ பொடுகு மாதிரி இருந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவன் அம்மாவுக்குக் கண் இருக்கிறது.

பிள்ளை கண்ணைக் கசக்கினான். சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் டீ டம்ளர்களை எடுத்தாள், மறுபடி கீழே வைத்தாள்.

"வேண்டாம்க்கா. நீங்க இருந்தா விளையாடிக்கிட்டே இருப்பான், தூங்க மாட்டான். நீங்க கிளம்புங்க."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். இந்த வீட்டில் எனக்கு இனி அளந்துதான் நேரம் என்று தோன்றியது, அது நானே தேடிக்கொண்டது என்றும் தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு, "சரிம்மா, தூங்கட்டும்" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் விறைப்பாகத்தான் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். படியிறங்கும்போது பின்னால் கதவு மூடுகிற சத்தம் வரவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் கதவில் நின்றது கண்ணிலேயே இருந்தது. இன்றைக்கு நான் இப்படியே விட்டால், அக்கா மறுபடி பேச்சை நிறுத்திவிட்டாள் என்று நாளைக்கு அவள் நினைப்பாள், நாளை மறுநாளும் நினைப்பாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போனை எடுத்தேன்.

"தூங்கிட்டானா?" என்றேன்.

"இப்பதான்க்கா தூங்கினான். மெதுவாப் பேசுங்க."

மெதுவாகப் பேசினேன்.